பக்கத்து வீட்டு நாய்ச் சத்தத்தை நான் கூட்டி வைத்தது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண் ஆகியவற்றை முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தாறு. தொழில், காது பரிசோதித்துக் கேட்கும் கருவி பொருத்துவது. தெருவில் என்னைக் காது டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. பலமுறை சொல்லிப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன். இந்தத் தாளிலாவது சரியாக இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. வருகிறவர்களை உட்கார வைப்பது, சீட்டு எழுதுவது, பேட்டரி மாற்றிக் கொடுப்பது ஆகிய வேலைகளை என் மனைவி பார்க்கிறாள். இந்த மாதம் பதினெட்டாம் தேதி காலை எங்கள் தெருவில் தண்ணீர் கேன் வண்டி மோதிப் பக்கத்து வீட்டுப் பெரியவர் காயம்பட்ட வழக்கு சம்பந்தமாக, யாரும் கூப்பிடாமல் நானாக வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

காயம்பட்டவருக்கு வயது எழுபத்தொன்று. ஆணி தயாரிக்கும் ஆலையில் முப்பத்து நான்கு வருடம் மெஷின் ஓட்டியவர். அதனால் தெருவில் அவருக்கு ஆணிக்காரர் என்று பெயர். அந்த ஆலைதான் அவர் காதையும் எடுத்துக்கொண்டது. மனைவி இறந்துவிட்டார், மகள் வேறு ஊரில் இருக்கிறார். ஒன்றரை வருடத்துக்கு முன்பு தனியாளாக இரண்டு நாய்களோடு எங்களுக்கு அடுத்த வீட்டுக்குக் குடிவந்தார். பெரிய நாயின் பெயர் மேனேஜர். சின்னதன் பெயர் பட்டாணி. மேனேஜர் வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் கணக்கெடுக்கும். பட்டாணி அதற்கு ஒத்து ஊதும். தெருவில் வண்டி திரும்பினால், கேட்டருகில் ஆள் வந்தால், கூரியர்காரர் எதிர்வீட்டு மணியை அடித்தால்கூட இரண்டும் குரைக்கும். ஒன்று நிறுத்தினால் மற்றது தொடங்கும்.

நாய் குரைப்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். மற்றவர்களுக்கு இல்லை. என் கடையில் மரத்தால் ஒரு சின்ன அறை செய்து, உள்ளே பஞ்சு ஒட்டி வைத்திருக்கிறேன். பரிசோதனைக்கு வருகிறவர் அதில் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொள்வார். நான் வெளியிலிருந்து மிக மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். கேட்டதும் அவர் பட்டனை அழுத்த வேண்டும். அதில் மூச்சு விடுகிற சத்தமே அதிகம். நடுவில் நாய் குரைத்தால் அவர் நான் அனுப்பிய ஒலிக்கு அழுத்தினாரா, நாய்க்கு அழுத்தினாரா என்று எனக்குத் தெரியாது. ஆகவே வெளிச்சத்தம் வந்தால் பரிசோதனையை நிறுத்தி, தாளின் ஓரத்தில் மணியையும் என்ன சத்தம் என்பதையும் எழுதிவிட்டு, அந்த ஒலியைத் திரும்பவும் முதலிலிருந்து கொடுப்பது என் வழக்கம். தொழில் கற்றுக் கொடுத்தவர் வைத்த வழக்கம், இருபது வருடமாக மாற்றவில்லை. முன்பெல்லாம் அந்த ஓரத்தில் நாளுக்கு இரண்டு மூன்று குறிப்புகள் இருக்கும். அவர் குடிவந்த பிறகு தாளின் ஓரம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன்.

அதன் பிறகு அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துச் சிரித்தபடி உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார். தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"குரைக்குதுங்களா? இதுங்களா? ரெண்டும் வாயில்லாப் பூச்சிங்க தம்பி!" என்று தெருவே கேட்கும்படி சொன்னார். அவர் அப்படிச் சொல்லும்போது இரண்டும் கேட்டில் நின்று குரைத்துக்கொண்டுதான் இருந்தன.

அதன் பிறகு நகராட்சி அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் பதினான்கு நாள் குரைப்பு நேரங்களைக் குறித்து வரச் சொன்னார். ஒரு நோட்டுப் போட்டு, எப்போது குரைத்தது, எதைப் பார்த்துக் குரைத்தது என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். எழுத்தர் புரட்டிப் பார்த்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். சம்பந்தப்பட்ட அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் வரட்டும் என்றும் சொன்னார். மூன்று முறை நடந்து நான்காம் முறை போகவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தார். இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். அவ்வளவு சின்னக் குழந்தைக்கு ஹெட்போன் மாட்ட முடியாது, பின்னால் நின்று ஒலி எழுப்பி, திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மணி அடித்தேன், கிலுகிலுப்பை ஆட்டினேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். குழந்தை திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே குரைத்தது. குழந்தை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தது. அந்தத் தாய் குழந்தையை வாரி எடுத்து முத்தம் கொடுத்து, "கேக்குது, எம் புள்ளைக்குக் காது கேக்குது" என்று அழுதார். குரைப்பு கேட்டிருக்கிறது, பேச்சு கேட்கவில்லை, இரண்டும் வேறு என்று நான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. கெட்ட சேதி சொல்லிப் பழகியவன்தான். ஆனால் நல்ல சேதி ஒன்று ஒருவர் கைக்குப் போய், அதை நான் திரும்பப் பிடுங்கியது அன்றுதான்.

அப்போது என் மனைவி, "அவருக்கும் ஒரு மெஷின மாட்டி விடுங்களேன். நாம கேக்கறத அவரும் ஒரு நாள் கேக்கட்டும். அப்புறம் தானா அடக்குவாரு" என்று சொன்னாள். அவள் சொன்னது அவ்வளவுதான். நல்லெண்ணத்தில் சொன்னாள். அதற்கு மேல் செய்தது முழுவதும் நான்.

இந்த மாதம் இரண்டாம் தேதி பெரியவரைக் கடைக்குக் கூட்டி வந்து பரிசோதித்தேன். மாதிரிக்கு வைத்திருந்த கருவி ஒன்று இருந்தது, அதை இனாமாகக் கொடுப்பதாக எழுதிக் காட்டினேன். "எனக்கு எதுக்கு தம்பி, நான் யார்கிட்ட பேசப் போறேன்" என்றார். பிறகு, மகள் போனில் பேசினால் கேட்கும் என்று என் மனைவி எழுதிக் காட்டியதும் சம்மதித்தார்.

கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் சரிசெய்வோம். கனமான சத்தம் முதல் கீச்சென்ற சத்தம் வரை பல கட்டங்கள் இருக்கும். அவரவர் காதுக்கு ஏற்ப ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். புதிதாகப் போடுகிறவருக்கு முதல் வாரம் தேவையைவிடக் குறைத்துத்தான் வைக்க வேண்டும், பல வருடம் அமைதியில் இருந்த காதில் தட்டு வைக்கிற சத்தம்கூட அடி மாதிரி விழும். அதற்கும் மேலாக, திடீரென்று பெரிய சத்தம் வந்தால் கருவியே அதை அடக்கி உள்ளே விடுவதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை நான் யாருக்கும் தளர்த்துவதில்லை.

அவர் வருவதற்கு முந்தின நாளே சுவரோரம் நின்று இரண்டு நாய்களின் குரைப்பையும் போனில் பதிவு செய்து, அது எந்தெந்தக் கட்டங்களில் விழுகிறது என்று பார்த்து வைத்திருந்தேன். அந்தக் கட்டங்களை மட்டும் அவருக்குத் தேவையானதைவிட வெகுவாக ஏற்றினேன். வரம்பையும் தளர்த்தினேன். பேச்சுக்கு உரிய கட்டங்களை அப்படியே விட்டுவிட்டேன். அந்த அளவுகள் தேதியோடு என் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கின்றன. அச்சடித்து இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

தெரியாமல் நடந்த தவறா என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி கேட்டார். இல்லை, தெரிந்தே செய்தது. கோபத்தில் செய்ததா என்று கேட்டார். கோபம் என்றால்கூடச் சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று இருந்திருக்கும். அலுப்பில் செய்தேன். எனக்கு வேறு வழி எதுவும் யோசிக்கத் தெம்பில்லை.

அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போனார். கால் மணி நேரத்தில் தண்ணீர் கேன் வண்டி தெருவில் திரும்பியது, நாய்கள் குரைத்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்தது. அவர் "ஐயோ" என்று கத்தினார். அந்த ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக நாய்களை அதட்டினார். நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை அவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய்க் கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். எட்டு வீடுகள். மற்ற வீட்டுக்காரர்கள் ஒன்றும் புரியாமல் பரவாயில்லை என்றார்களாம். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். முகம் ஒரே நாளில் வாடிப்போயிருந்தது.

"இடி விழுற மாதிரி இருக்குது தம்பி. மண்டைக்குள்ள போய் இறங்குது. இத ஒன்றரை வருஷமா நீங்க எப்படித் தாங்குனீங்க? ஒரு வார்த்த திட்டலையே நீங்க!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். தொழில் அவளுக்கும் தெரியும், எங்கோ இடிக்கிறது என்று அவளுக்குப் பட்டுவிட்டது. அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து கம்ப்யூட்டரில் இணைத்தால் ஐந்து நிமிட வேலை. "பரவாயில்லைங்க ஐயா" என்று மட்டும் சொன்னேன். முதல் வாரம் கழித்துத் திரும்ப அழைத்துப் பார்க்க வேண்டும் என்பது முறை, அப்போது ஓசைப்படாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாய்கள் அதுவரை தங்கவில்லை. ஐந்தாம் தேதி, பெரியவர் கேட்டுக்கொண்டபடி, செடி நர்சரி வைத்திருக்கும் ஒருவர் ஆட்டோ கொண்டு வந்து இரண்டையும் ஏற்றிப் போனார். பெரியவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கருவி அவர் காதில் இல்லை. ஆட்டோ போன பிறகு என்னிடம் வந்து, "மெஷின் நல்ல மெஷின்தான் தம்பி. எங்காதுக்குத்தான் பழகல. கண்ணாடி டப்பாவுல பத்திரமா வெச்சிருக்கேன், வேற யாருக்காவது குடுங்க" என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்று கையால் காட்டிவிட்டுக் கடைக்குள் வந்துவிட்டேன். வாரம் முடிந்ததும் அழைக்கவும் இல்லை. நாய்கள்தான் போய்விட்டனவே, இனி எதைச் சரிசெய்வது என்று இருந்துவிட்டேன்.

அதன் பிறகு பன்னிரண்டு நாள் தெரு அமைதியாக இருந்தது. பரிசோதனைகள் எல்லாம் முதல் தடவையிலேயே முடிந்தன.

பதினெட்டாம் தேதி காலை ஒரு தையல்காரரை அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். பத்து இருபதுக்கு வெளியே ஹாரன் சத்தம் இரண்டு முறை கேட்டது. வழக்கப்படி நிறுத்தி ஓரத்தில் எழுதினேன். ஒலியைத் திரும்பக் கொடுப்பதற்குள் மூன்றாவது ஹாரன், நீளமாகக் கேட்டது. அதையும் எழுதினேன். அதன் பிறகு பிரேக் போட்ட சத்தமும் காலி கேன்கள் உருளும் சத்தமும் கேட்டன. அவற்றை எழுதவில்லை. அந்தத் தாளின் அசலை இத்துடன் சேர்த்திருக்கிறேன்.

வெளியே ஓடினேன். தெருவின் ஒரு பக்கம் எதிர்வீட்டுக்காரர் ஜல்லி கொட்டியிருந்தார். அதைச் சுற்றி நடுத்தெருவுக்கு வந்த பெரியவரை வண்டி இடித்திருந்தது. அவர் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் டிரைவரை இறக்கி அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு முப்பது வயதிருக்கும். "ஹாரன் அடிச்சேண்ணே, மூணு தடவ அடிச்சேன். எப்பவும் ஒரு ஹாரனுக்கே ஒதுங்கிடுவாருண்ணே, இன்னைக்கு என்னமோ ஒதுங்கல" என்று சொல்லிச் சொல்லி அழுதார். காது கேட்காத மனுஷன் ஹாரனுக்கு எப்படி ஒதுங்குவான், புளுகுகிறான் பார் என்று இன்னும் இரண்டு அடி விழுந்தது.

டிரைவர் புளுகவில்லை. கூட்டத்தில் எனக்கு மட்டும் அது புரிந்தது. பெரியவர் நடக்கப் போகும்போது இரண்டு நாய்களையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு போவார். வண்டி வந்தால் நாய்கள் குரைத்துக்கொண்டு ஓரத்துக்கு இழுக்கும், அவர் கூடவே ஒதுங்குவார். கேட்டில் ஆள் வந்திருப்பதும் நாய்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். என் நோட்டில் பதினான்கு நாள் கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய எல்லா வரியிலும் ஒரு வண்டியோ ஓர் ஆளோ இருக்கிறது. அத்தனையும் என் கையால் எழுதியிருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை.

அன்று விசாரணைக்கு வந்த ஏட்டு, ஹாரன் கேட்டதா என்று எல்லோரிடமும் கேட்டார். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். கேட்டது என்று சொன்னால், அவர்தான் உங்களிடம் மெஷின் வாங்கினாராமே, ஏன் போடவில்லை என்று அடுத்த கேள்வி வரும். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் டிரைவரின் அக்கா தெருவுக்கு வந்து வீடு வீடாகக் கேட்டார். எங்கள் கடைக்கும் வந்தார். கைக்குழந்தை ஒன்று இடுப்பில் இருந்தது. "யாராவது ஒருத்தருக்குக் கேட்டிருந்தாப் போதும்ணே. நீங்க காது டாக்டராமே, உங்களுக்குக் கூடவா கேக்கல?" என்றார். நான் சத்தம் புகாத அறையில் வேலையாக இருந்தேன் என்று சொன்னேன். அது பொய். அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தவர் தையல்காரர், நான் வெளியில் இருந்தேன். அந்தப் பெண் போன பிறகு என் மனைவி பதினெட்டாம் தேதித் தாளை எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இருபத்தொன்றாம் தேதி மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. பழையபடி நடப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் மகளிடம் சொல்லியிருக்கிறார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "வாங்க தம்பி! இப்ப நிம்மதியா வேல பாக்கறீங்களா? தொந்தரவு ஒண்ணும் இல்லையே?" என்றார். வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த டிரைவர் பையன் ஹாரன் அடிக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க. அடிச்சானா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாம ஒருத்தன உள்ள வெக்கலாமா? நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, சொல்லுங்க தம்பி, அடிச்சானா?" என்று கேட்டார்.

அடித்தார் என்று தலையாட்டினேன். மூன்று விரலைக் காட்டினேன். "பாத்தியா, தம்பிக்குக் கேட்டிருக்குது" என்று பக்கத்தில் நின்ற மகளிடம் சொன்னார். "நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க" என்று என் தோளைத் தட்டினார். மகள் என்னைப் பார்த்தார். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் போன பிறகு நான் பெரியவரிடம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன். உங்கள் நாய்கள் அவ்வளவு சத்தமாகக் குரைக்கவில்லை, நான்தான் அப்படி வைத்தேன் என்று சொன்னேன். அவர் என் வாயையே பார்த்தபடி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஒரு வார்த்தையும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. சேராது என்று தெரிந்துதான் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எழுதிக் காட்டியிருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். தாளை எடுத்தேன். "ஐயா" என்று எழுதியதும் அவர் ஆவலாக எட்டிப் பார்த்தார். அதற்கு மேல் கை ஓடவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

டிரைவர் மூன்று முறை ஹாரன் அடித்தார். அதற்கு என் தாள் சாட்சி. அவரை விடுவிப்பதற்குத் தேவையானதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்லத் தயாராக இருக்கிறேன். ஹாரன் விஷயம் மட்டும் வழக்குக்குப் போதும், மெஷின் கதை எந்தப் பிரிவிலும் வராது, எதற்கு இத்தனை பக்கம், அதை அடித்துவிடட்டுமா என்று அதிகாரி நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். என் உரிமத்துக்கு என்ன வந்தாலும் வரட்டும். அந்த மனிதர் எட்டு வீட்டு வாசலில் நின்று, செய்யாத தப்புக்குக் கை கூப்பியிருக்கிறார். தன் நாய்கள் பொல்லாதவை என்றே இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இதில் உள்ள யாவும் நான் சொல்ல எழுதப்பட்டவை, உண்மையானவை. எழுதி முடித்ததும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். கடைசி வரை கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது. பெரியவருக்கு இதைப் படித்துக் காட்ட முடியாது. ஆகவே ஒரு நகலை அவர் கையிலேயே கொடுத்து, அவர் கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும்படி ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். வேறு ஆள் இல்லையென்றால் நானே நிற்கிறேன்.

(ஒப்பம்)